டிரெய்லர் இழுக்கும் பிக்கப்பில் பிரேக் சீக்கிரம் தேய்ந்தால் முதலில் டிரெய்லரைப் பாருங்கள்

கேள்வியின் சாரம் இது. அமெரிக்காவின் கொலராடோவில் டென்வர் பக்கம் இருப்பவர். அரை டன் ரகம் என்று சொல்லப்படும் பிக்கப் (எஃப்-150, சில்வராடோ 1500 போன்றது), பெட்ரோல் எஞ்சின். பின்னால் 7,000 பவுண்டு எடையில் இரண்டு ஆக்சில் கேம்பிங் டிரெய்லர். வருடத்துக்கு ஏழெட்டு முறை ஐ-70 நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்குகிறார். வண்டி ஓடியது 60,000 மைல்; அதற்குள் இரண்டாவது முறையாக முன் பேடுகள் தீர்ந்துவிட்டன. 55 மைல் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. துளை போட்ட ரோட்டரும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) விலை கூடிய பேடும் (அந்தத் தட்டைக் கவ்வி உரசும் கட்டை) போடும்படி கடையில் சொல்கிறார்கள். போட்டால் சரியாகுமா? இந்த வண்டி 2 லட்சம் மைல் தாங்குமா?

ரோட்டரை மட்டும் மாற்றினால் நடுக்கம் சில மாதம் மறையும், பிறகு திரும்பி வரும். பிக்கப்பின் முன் பேடு 30,000 மைலில் தீர்வது பெரும்பாலும் பேடின் குற்றம் இல்லை. டிரெய்லர் தன் பங்குக்குப் பிரேக் பிடிக்கவில்லை, அந்த வேலையையும் பிக்கப்பே செய்கிறது. அதைச் சரிசெய்தால் 2 லட்சம் மைல் எட்டக்கூடிய தூரம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து பிக்கப் 5,500 பவுண்டு, அதாவது சுமார் 2,500 கிலோ. டிரெய்லரோடு 12,500 பவுண்டு, சுமார் 5,670 கிலோ. மணிக்கு 65 மைல் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த, பிக்கப் தனியாக இருந்தால் ஏறக்குறைய 1.05 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். டிரெய்லரோடு சேர்ந்தால் 2.4 மெகாஜூல். டிரெய்லர் பிரேக் சரியாக வேலை செய்தால், கூடிவந்த அந்த 1.35 மெகாஜூலை டிரெய்லரின் நான்கு டிரம்களே ஏற்றுக்கொள்ளும். வேலை செய்யாவிட்டால் முழுவதும் பிக்கப்பின் தலையில்.

முன் ரோட்டர் ஒன்று சுமார் 12 கிலோ வார்ப்பிரும்பு என்றும், பிக்கப்பின் பிரேக் வேலையில் 65 சதவீதம் முன்பக்கம் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். டிரெய்லர் தன் பங்கைச் செய்தால் ஒரு முழு நிறுத்தத்தில் முன் ரோட்டரின் வெப்பம் சுமார் 60 டிகிரி செல்சியஸ் ஏறும். செய்யாவிட்டால் 140 டிகிரி. ஆறுவதற்குள் இன்னும் இரண்டு முறை மிதித்தால் 400 டிகிரியைத் தாண்டிவிடும். பேட் கரைவது, ரோட்டரில் நீலம் பூப்பது, ஸ்டியரிங் நடுங்குவது எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

மலை இறக்கம் இதைவிடக் கொடியது. ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே சில்வர்தார்ன் வரைக்கும் சுமார் 8 மைலில் 2,000 அடிக்கு மேல் இறங்க வேண்டும். 12,500 பவுண்டு அவ்வளவு ஆழம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 35 மெகாஜூல். 65 மைல் வேகத்திலிருந்து அடுத்தடுத்து 15 முறை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். காற்றின் எதிர்ப்பும் டயரின் உருளலும் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் மிச்சத்தை எஞ்சினிடம் கொடுக்காமல் பிரேக்கிடம் கொடுத்தால் எந்தப் பேடும் தாங்காது.

டிரெய்லர் பிரேக்கைச் சோதிப்பது

உங்கள் டிரெய்லரில் மின்காந்த டிரம் பிரேக்தான் இருக்கும். 3,500 பவுண்டு ஆக்சில் என்றால் டிரம் 10 அங்குல விட்டம், 2¼ அங்குல அகலம். 5,200 முதல் 7,000 பவுண்டு ஆக்சில் என்றால் 12 அங்குலத்துக்கு 2. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னைத் தாங்கும் கையை இழுக்கும். கை, டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூக்களை விரிக்கும். இந்த இரண்டு அளவிலுமே ஒரு காந்தம் முழு மின்னழுத்தத்தில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும், நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். இந்த 12 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

சோதனைக்கு வேண்டியது நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றுதான். டிரெய்லர் பேட்டரியை 12.6 வோல்ட் வரை சார்ஜ் செய்யுங்கள். ஏழு முனை பிளக்கை பிக்கப்பிலிருந்து கட்டாயம் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே சோதித்தால் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பிக்கப்பின் பிரேக் கன்ட்ரோலரைக் கெடுத்துவிடலாம். பிறகு டிரெய்லர் முனையில் இருக்கும் பிரேக்அவே சுவிட்சின் (டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைப்பது) பின்னை இழுங்கள். பேட்டரியின் முழு மின்னழுத்தமும் நேராகக் காந்தங்களுக்குப் போகும். அந்த வயரில் மீட்டரைக் கவ்வவிட்டு அளவைப் படித்துக்கொண்டு, அரை நிமிடத்துக்குள் பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள்.

11 முதல் 12 ஆம்பியர் வந்தால் மின்சாரப் பக்கம் நலம். 9 வந்தால் ஒரு காந்தம் செத்திருக்கிறது. 6 என்றால் பெரும்பாலும் ஒரு ஆக்சில் முழுவதுமே துண்டிக்கப்பட்டிருக்கிறது. 12க்கு மேல் நன்றாக ஏறினால் எங்கோ ஷார்ட். சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் ஆக்சில் குழாயின் உள்பக்கம். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்கு வயர் அந்தக் குழாய்க்குள்தான் போகும். எதிலும் கட்டாமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உரசி உரசி உறை கிழிந்துவிடும். பழைய வயரை அப்படியே கைவிட்டு, ஆக்சிலுக்கு வெளியே 12 அல்லது 10 கேஜ் வயரைப் பாதுகாப்புக் குழாய்க்குள் விட்டு இழுப்பதே நிரந்தரத் தீர்வு.

ஒவ்வொரு காந்தமும் கொஞ்சம் கொஞ்சம் குறைவாக எடுத்து மொத்தம் 9, 10 என்று வந்தால் வயர் மெலிதாக இருக்கிறது, அல்லது இணைப்புகள் துருப்பிடித்திருக்கின்றன. ஏழு முனை பிளக்கில் பிரேக் மின்சாரம் போகும் நீல வயரையும், எர்த் ஆகும் வெள்ளை வயரையும் முதலில் பாருங்கள். வெள்ளை வயரைச் சட்டத்தில் ஒரு திருகால் முறுக்கி விட்டிருப்பார்கள். அந்தத் திருகின் அடியில் பெயின்டும் துருவும் இருந்தால் நான்கு பிரேக்கும் ஒருசேரப் பலவீனமாகும். சுரண்டிப் பளபளப்பாக்கி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பேடுக்கும் ரோட்டருக்கும் பல நூறு டாலர் செலவழிக்கும் கொடுமை நிறைய நடக்கிறது.

ஆம்பியர் சரியாக இருந்தும் பிடிப்பு இல்லையென்றால் கோளாறு டிரம்முக்குள். முதல் சந்தேகம் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி. தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை இல்லையென்றால் புதிதில் 200 மைலிலும், பிறகு ஒவ்வொரு 3,000 மைலுக்கும் கையால் இறுக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள், ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். பின் தட்டின் அடியில் உள்ள ரப்பர் மூடியை எடுத்தால் பல் சக்கரம் தெரியும். சக்கரத்தை முன்னோக்கி மட்டுமே சுற்றிக்கொண்டு, கையால் சுற்றவே கடினமாகும்வரை பல் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் சுமார் பத்துப் பல் தளர்த்துங்கள். லேசான உரசல் சத்தத்தோடு சக்கரம் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். நான்கிலும் ஒரே அளவு உரசல் இருக்கட்டும். ஒன்று இறுகி இன்னொன்று தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாவது சந்தேகம் கிரீஸ். ஆக்சில் முனையில் கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும் வசதி உள்ள டிரெய்லர்களில் இது அடிக்கடி நடக்கிறது. சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாக அடித்தால் பின் சீல் பிதுங்கி, கிரீஸ் ஷூவிலும் காந்தத்திலும் கொட்டிவிடும். டிரம்மைக் கழற்றினால் ஷூவின் லைனிங் கறுத்து மினுமினுக்கும், விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். கிரீஸ் குடித்த லைனிங்கை எதைக்கொண்டு கழுவினாலும் பழைய பிடிப்பு வராது. அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஷூ, சீல் இரண்டையும் மாற்றுங்கள். பேரிங்கை வருடத்துக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, கையால் கிரீஸ் அடைப்பதே பாதுகாப்பு. அப்போதே காந்தத்தின் முகத்தையும் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் காந்தத்தைத் தாங்கும் கையின் புஷ் தளர்ந்திருக்கிறது.

புது ஷூ போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். காலி ரோட்டில் 40 மைல் வேகத்திலிருந்து 20 மைலுக்குக் குறையும்படி, நடுவில் ஆற விட்டு விட்டு, 20 முதல் 30 முறை பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஷூ முழு அகலத்துக்கும் டிரம்மோடு பொருந்தும்.

கன்ட்ரோலர் கெயின்

பிரேக் சரியான பிறகு கெயின் வைக்கலாம்; டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று கன்ட்ரோலரில் வைக்கும் அளவு அது. டிரெய்லரில் வழக்கமான சாமான் இருக்கட்டும், சமதளமான காய்ந்த ரோடு வேண்டும். பிரேக் கொஞ்சம் சூடாகட்டும் என்று சில முறை நிறுத்திப் புறப்பட்ட பின், 20 முதல் 25 மைல் வேகத்தில் காலை எடுத்துவிட்டுக் கன்ட்ரோலரின் கைப்பிடியை முழுதாக அழுத்துங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் டிரெய்லர் பிக்கப்பை நிறுத்த வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டினால் அரைப்படி குறையுங்கள், இழுவை போதாவிட்டால் அரைப்படி கூட்டுங்கள். 10 வரை ஏற்றியும் பூட்டவே மறுத்தால் கன்ட்ரோலரை நோக வேண்டாம். மேலே சொன்ன வயரும் ஷூவும்தான் காரணம்.

பலர் ஒருமுறை 5 என்று வைத்துவிட்டு வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பிய டிரெய்லருக்கும் காலி டிரெய்லருக்கும் ஒரே கெயின் பொருந்தாது. மழை, பனி நாளில் குறைக்கத்தான் வேண்டும். டிரெய்லரில் மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால், கன்ட்ரோலரின் மெனுவில் அந்த வகையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காது.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

7,000 பவுண்டு டிரெய்லரின் மூக்கு எடை, அதாவது டிரெய்லரின் முன்முனை பிக்கப்பின் ஹிட்சை அழுத்தும் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 910 பவுண்டு. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 90 பவுண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் 600 பவுண்டு. மொத்தம் 1,600. இப்போது டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியுள்ள மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று அதில் இருக்கும்; அரை டன் பிக்கப் பலவற்றில் அது 1,400 முதல் 1,700 பவுண்டு வரைதான் காட்டும். விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தாலும், முதலில் தீர்வது இந்தச் சுமை வரம்புதான். நாய்க்குட்டி, ஐஸ் பெட்டி, விறகு எல்லாம் இனிமேல்தான் ஏற வேண்டும்.

மூக்கு எடை பின் ஆக்சிலை அழுத்தும்போது முன் ஆக்சில் லேசாகும். முன் டயரின் பிடிப்பு குறைவதால் ஏபிஎஸ் சீக்கிரமே தலையிடும், நிறுத்தும் தூரம் நீளும். புதிய பிக்கப்களில் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்தளிக்கும் மின்னணு ஏற்பாடு இருப்பதால், பாரம் ஏறிய நாளில் பின் பேடுகள் வேகமாகத் தேயும். முன் பேட் பாதி இருக்கும்போதே பின் பேட் தீர்ந்துபோவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த வடிவமைப்பின் விளைவு அது. பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

வழியில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்கும். டிரெய்லரோடு ஒருமுறை, ஹிட்ச் பட்டைகளைத் தளர்த்தி ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றி ஒருமுறை என்று மூன்று முறை எடை போடுங்கள். டிரெய்லர் மாட்டியதால் முன் ஆக்சில் இழந்த எடையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். கண்ணால் பார்த்து ‘வண்டி சமமாக நிற்கிறது’ என்று முடிவு கட்டுவது போதாது.

நடுக்கத்தின் உண்மையான காரணம்

ஸ்டியரிங் நடுங்கினால் ரோட்டர் வளைந்துவிட்டது என்று சொல்வது கடைகளின் வாடிக்கை. வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் வளையாது. நடப்பது இரண்டில் ஒன்று. அதிகச் சூட்டில் பேடின் பொருள் ரோட்டரில் திட்டுத்திட்டாகப் படிகிறது. அல்லது ரோட்டர் மிக லேசாகக் கோணிச் சுழன்று, பேட் தொடும் இடம் மட்டும் தேய்ந்து, தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே காலுக்குத் தெரியும்.

திட்டுப் படிவதற்கு மிகப் பொதுவான தருணம் இறக்கத்தின் அடிவாரச் சிக்னல். கொதிக்கும் ரோட்டரைப் பேட் அசையாமல் கவ்விக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால், பேடின் உருவம் அப்படியே ரோட்டரில் பதியும். முன்னால் இடம் விட்டு நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து நகருங்கள். சமதளமாக இருந்தால் காலை லேசாக்கி விடுங்கள்.

கோணலுக்கு முக்கியக் காரணம் மாட்டும் முறை. பழைய ரோட்டரைக் கழற்றியதும், ரோட்டரும் சக்கரமும் மாட்டும் ஹப்பின் முகத்தில் துருச் செதில் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே புது ரோட்டரை வைத்தால் விளிம்பில் கோணல் பல மடங்காகும். உரசும் தகடு போட்டு, விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும்வரை ஹப்பைச் சுத்தம் செய்யுங்கள். நட்டுகளை எல்லாம் போட்டு இறுக்கி, டயல் கேஜால் சுற்றிப் பாருங்கள், கோணல் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் ரோட்டரை ஹப்பில் ஒரு நட்டு இடம் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால் ஹப் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் கெடுப்பது காற்றழுத்தக் கன். ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு இறுக்கத்தில் இருந்தால் ரோட்டரின் நடுப்பகுதியே கோணும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள்: இப்போதைய ஃபோர்டு எஃப்-150க்கு 150 பவுண்டு-அடி, செவி சில்வராடோ 1500க்கு 140, ராம் 1500க்கு 130. 50 முதல் 100 மைல் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பேட், ரோட்டர் தேர்வு

துளை போட்ட ரோட்டர் வேண்டாம். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேண்டியது வெப்பத்தை விழுங்கும் இரும்பின் எடை. துளை அந்த இரும்பை எடுத்துவிடுகிறது, சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்தில் விரிசல் விடுகிறது. கோடு வெட்டிய ரோட்டர் பரவாயில்லை, ஆனால் பேடைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். நடுவில் காற்றோட்ட இடைவெளி உள்ள, மேலே துருத் தடுப்புப் பூச்சு உள்ள, வெட்டோ துளையோ இல்லாத ரோட்டரே போதும். மலிவு ரோட்டர் ஒன்றையும் நல்லதையும் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் உள் இறகுகள் மெலிதாக, எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். பழைய ரோட்டரைக் கடைசல் பிடித்து மெலிதாக்கி மறுபடி போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தத் தடிமனுக்குக் கீழே தூக்கி எறிய வேண்டும் என்பது ரோட்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பேடின் ஓரத்தில் ஒரு வரி எழுத்து அச்சடித்திருக்கும். அதன் கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வைச் சொல்கின்றன: முதலாவது சாதாரண வெப்பத்தில், இரண்டாவது அதிக வெப்பத்தில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. இழுவை வண்டிக்குக் குறைந்தது ‘எஃப் எஃப்’ பாருங்கள். ‘எஃப் ஈ’ என்றால் சூட்டில் பிடிப்பு தளரும். இந்த எழுத்துகள் தேய்மானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பொருளைப் பொறுத்தவரை, உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக், அல்லது இழுவைக்கென்றே விற்கும் செராமிக். சாதாரண நகர செராமிக் அமைதியாக இருக்கும், தூசு கொட்டாது, ஆனால் நீண்ட இறக்கத்தில் கைவிடும்.

புது பேட் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நகர ஓட்டத்துக்கு 3 மில்லிமீட்டரில் மாற்றலாம். டிரெய்லர் இழுப்பவர் 5 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது, ஏனென்றால் பேட் மெலிந்தால் வெப்பம் தடையில்லாமல் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போய்விடும்.

கழற்றிய பழைய பேடுகளைத் தூக்கி எறியாமல் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள், அவை பேசும். ஒரே சக்கரத்தின் உள் பேட் 3 மில்லிமீட்டர், வெளிப் பேட் 7 என்றால், பேடுகளை ரோட்டரில் அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் திரும்பிப் போகவில்லை. ஒரு பேடே மேலே தடியாகவும் கீழே மெலிதாகவும் சாய்ந்து தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் வலதைவிட நிறையத் தேய்ந்திருந்தால், அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, காலை எடுத்த பிறகும் அழுத்தத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கலாம்.

கொலராடோவில் பனிக்காலத்தில் சாலையில் மெக்னீசியம் குளோரைடு தெளிப்பதால் ஸ்லைடு பின்னும், பேட் உட்காரும் தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும். தகட்டுக்கு அடியில் துரு வீங்கினால் பேட் இறுகி, நகராமல் நின்றுவிடும். வருடம் ஒருமுறை பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் பூசுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப்போகும். இரண்டு பின்களில் ஒன்றில் ரப்பர் வளையம் இருந்தால் எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்; மாற்றிப் போட்டால் மறுபடி இறுகும். பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் சர்வீஸ் மோடில் போட வேண்டும். மறந்து கிளாம்ப் வைத்து அழுத்தினால் மோட்டார் உடையும்.

மாட்டி முடித்ததும் 30 மைல் வேகத்திலிருந்து மிதமாக 30 முறை நிறுத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 விநாடி ஆறட்டும். டிரெய்லர் மாட்டாமல் செய்ய வேண்டும்.

பிரேக் ஆயில்

இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் டாட் 3 தர ஆயில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும்; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அதன் வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரைவரை இறங்கிப்போகும்.

பேட் சூடேறிப் பிடிப்பு இழப்பது வேறு: அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது, எரிந்த வாடை வரும். பெடல் மெத்தென்று இறங்கினால் ஆயில். இந்த இரண்டையும் பிரித்தறிவது உயிர் காக்கும். பெடல் இறங்கினால் மீண்டும் மீண்டும் வேகமாக மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரைக் குறையுங்கள், டிரெய்லர் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்துங்கள், அதற்கும் நிற்காவிட்டால் ஓரத்தில் உள்ள சரளை நிரப்பிய தப்பிக்கும் பாதையில் ஏற்றிவிடத் தயங்காதீர்கள்.

மலையில் இழுப்பவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றட்டும். ஒரு லிட்டர் போதும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கான், அதை மட்டும் கலக்கவே கூடாது.

இறங்கும் முறை

கியர் மாற்றத்தை இழுவைக்கு ஏற்றதாக்கும் டோ ஹால் பொத்தானை அழுத்திய பிறகுதான் டிரெய்லரோடு நகர வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தட்டினால் கியர் தானாகக் கீழே விழும், எஞ்சின் வண்டியைப் பிடிக்கும். 3,500, 4,000 என்று ஆர்பிஎம் ஏறி எஞ்சின் கத்தினால் பலர் பயந்து மேல் கியருக்கு மாற்றுகிறார்கள். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பெட்ரோல் எஞ்சினுக்கு அது ஒன்றும் கெடுதல் இல்லை. டீசல் எஞ்சின் என்றால், புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பொத்தானைப் போடுங்கள். அது இல்லாத டீசல் இறக்கத்தில் பெரிதாகப் பிடிக்காது.

கியரை உச்சியிலேயே, இறங்கத் தொடங்குமுன் குறைத்துவிடுங்கள். 45 மைல் பாதுகாப்பான வேகம் என்று முடிவு செய்தால், 45 வந்ததும் அழுத்தமாக மிதித்து சுமார் 3 விநாடியில் 40க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். திரும்ப 45 ஏறும்வரை ரோட்டர் ஆறும், நான்கு டிரம்மும் ஆறும். லாரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதும் இதையே. இறக்கம் முழுக்கக் காலை லேசாக வைத்துக்கொண்டே போவதால் ரோட்டருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போகிறது.

கீழே வந்ததும் ஓய்விடத்தில் நிறுத்தி, 20 டாலர் அகச்சிவப்பு வெப்பமானியால் பிக்கப்பின் நான்கு ரோட்டரையும் டிரெய்லரின் நான்கு டிரம்மையும் அளந்து எழுதுங்கள். டிரெய்லர் டிரம் நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ இறுகியிருக்கிறது அல்லது பேரிங் போகப்போகிறது. பிக்கப் முன் ரோட்டர் 300 டிகிரி, டிரெய்லர் டிரம் எல்லாம் கைவெதுவெதுப்பு என்றால் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

2 லட்சம் மைலுக்கு

பிரேக்கை அடுத்து வயதைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸின் சூடு. வண்டியின் திரையில் அந்த வெப்பநிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். 105 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 120ஐத் தாண்டி நிற்க ஆரம்பித்தால் வேகத்தைக் குறையுங்கள். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று யார் சொன்னாலும், மலையில் இழுக்கும் வண்டிக்குக் கியர் ஆயிலை 40,000 மைலில் மாற்றுவேன். பின் ஆக்சில் ஆயிலை 50,000இல், கையேடு சொல்லும் தரத்தில்.

முன் ஹப் பேரிங்கில் ஆட்டம் வந்தால் வளைவில் ரோட்டர் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும்; அடுத்த மிதிப்பில் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாவது மிதிப்பில் சரியாகும். இதை ஆயில் கோளாறு என்று நினைத்து ஏமாறுபவர் அதிகம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்பக்க இரும்பு பிரேக் குழாய்களை, டேங்குக்கு மேலே ஓடும் பகுதி உட்பட, வருடம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். செதில் எழும்பியிருந்தால் நிக்கல் தாமிரக் கலவைக் குழாயாக மாற்றுங்கள், அது துருப்பிடிக்காது.

கடைக்காரரிடம் பதில் சொல்லும் முன் அந்த பிரேக்அவே பின்னை இழுத்து ஆம்பியரைப் பாருங்கள். 11க்குக் கீழே வந்தால் துளை ரோட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் டிரெய்லர் வயரிங்கை முடித்துவிட்டு, மிச்சத்தில் சாதாரண ரோட்டரும் ‘எஃப் எஃப்’ பேடும் வாங்கிக்கொள்ளலாம்.